மலாக்கா வெயிலுக்கு ஒரு போர்வை

உ
முருகன் துணை

காஜா பெராங், மலாக்கா
12-8-1957, திங்கட்கிழமை

மரியாதைக்குரிய அண்ணி சந்திரமதி அவர்களுக்கு, உங்கள் தம்பி மாணிக்கவாசகத்தின் மனைவி ருக்மணி இரு கை கூப்பி எழுதிக்கொள்வது.

இங்கு நானும் பிள்ளைகள் மூவரும் சுகம். உங்கள் தம்பி உடம்பளவில் சுகம். மனசளவில் எப்படி என்பது கடிதம் போகப் போகத் தெரியும். அங்கு உங்கள் உடல்நலமும், உங்கள் வீட்டுக்காரர் கிராணி அண்ணன் பொன்னுதுரை அவர்களின் முழங்கால் வலியும், ஐந்து பிள்ளைகளின் படிப்பும், கறவை மாடும் நல்லபடியாக இருக்க இங்குள்ள மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

இந்த இடத்தில் 'நிற்க' என்று எழுதுவது வழக்கம். நான் எழுதவில்லை. நீங்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள் அண்ணி. பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீரும் இருக்கட்டும். விஷயம் இதுதான். இந்த ஆகஸ்ட் லீவுக்கு நான் லாபிஸுக்கு உங்கள் வீட்டுக்கு வரப்போவதில்லை. பஸ் இல்லாமல் இல்லை, எனக்குக் காய்ச்சல் இல்லை, பிள்ளைகளுக்கு அம்மை வார்க்கவில்லை. வரவில்லை, அவ்வளவுதான். லீவு முழுக்க என் வீட்டில், என் பாயில், என் கையில் ஒரு ஊசியோடு உட்கார்ந்திருப்பது என்று முடிவு செய்துவிட்டேன். வானமே இடிந்து விழுந்தாலும் சரி, அதையும் ஓரம் மடித்துத் தைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

கோபமா என்று கேட்பீர்கள். கோபம் இல்லை அண்ணி, சொல்கிறேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து இதுவரை பத்து ஆகஸ்ட் லீவு. உங்கள் தம்பி தமிழ்ப்பள்ளி வாத்தியார், பள்ளிக்கூடக் கதவைச் சாத்திய மூன்றாம் நாள் பெட்டியைக் கட்டிவிடுவார். "அக்கா கூப்பிட்டு எழுதியிருக்காங்க. போகலைன்னா அவங்க மனசு ஒடிஞ்சு போயிடும்" என்பார். பெரியவர்கள் மனசு ஒடியக் கூடாதே என்று நானும் கிளம்பிவிடுவேன். உங்கள் வீட்டில் ஏழு பேர், நாங்கள் ஐந்து பேர், ஆக மொத்தம் பன்னிரண்டு வாய். அதிலே தோட்டத்துக் கணக்கெல்லாம் பார்க்கிற பெரிய கிராணி வீடு என்று வந்துபோகிற விருந்தாளிகள் வேறு. உங்களைக் குறை சொல்லவில்லை. நீங்கள் ஒரு நாளும் என்னை ஒரு வேலை ஏவியதில்லை. அதுதான் அண்ணி கஷ்டமே. ஏவியிருந்தால் ஏவியதை மட்டும் செய்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். முதல் வருஷம் நீங்கள் ஐந்து மணிக்கு எழுந்தீர்கள். மூத்தவர் எழுந்து நடமாடும்போது இளையவள் படுத்துக் கிடந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று மறுநாள் நான் நாலே முக்காலுக்கு எழுந்தேன். நான் அடுப்பு மூட்டியதைப் பார்த்து அதற்கு மறுநாள் நீங்கள் நாலரைக்கு எழுந்தீர்கள். நான் நாலேகால். நீங்கள் நாலு. போன வருஷம் கடைசி வாரத்தில் இரண்டரை மணிக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வருகிறேன், நீங்கள் மாவாட்டிக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டுச் சேவல் நம்ம ரெண்டு பேரையும் பார்த்துத்தான் பொழுது விடிந்துவிட்டது என்று கூவியது.

நாம் இப்படி மாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, உங்கள் தம்பியும் கிராணி அண்ணனும் தூண்டிலைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் பின்னால் இருக்கிற ஆற்றுக்குப் போய்விடுவார்கள். போகும்போது நாம் கட்டிக் கொடுக்கிற புளிச்சோறு, மத்தியானம் சின்னவன் கையில் கொடுத்தனுப்புகிற சோறு, சாயங்காலம் திரும்பி வந்ததும் டீ, வடை. போன வருஷம் ஒரு மாசம் முழுக்க அவர்கள் பிடித்த மீன் மூன்று. அதிலும் ஒன்று வீடு வந்து சேருமுன் பூனை வாய்க்குப் போய்விட்டது. லீவு முடிந்து மலாக்காவுக்குத் திரும்பினால் உங்கள் தம்பி கன்னமெல்லாம் பளபளவென்று இருப்பார், நான் உப்புக் கருவாடு மாதிரி இருப்பேன். பக்கத்து வீட்டில் "எப்படி இருந்தது லீவு?" என்று கேட்டால் பதில் சொல்லத் தெம்பு இருக்காது.

இந்த வருஷம் ஜூன் மாசம் கம்போங் செட்டியில் இருக்கிற என் சிநேகிதி பாக்கியலட்சுமி வீட்டுக்குப் போயிருந்தேன். உங்களுக்குத் தெரியாது அவளை. செட்டி சனம், சாமியெல்லாம் நம்ம சாமிதான், பேச்சு மட்டும் மலாய். சாரோங்கும் கெபாயாச் சட்டையும் உடுத்தி, நெற்றியில் விபூதி வைத்துக்கொண்டு நம்மைப் போலவே கைகூப்புவாள். அவள் கட்டிலில் ஒரு போர்வை கிடந்தது. பழைய துணியைச் சின்னச் சின்னக் கட்டமாக வெட்டி, ஒன்றோடு ஒன்று சேர்த்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தது. சிவப்பு, பச்சை, பூப்போட்டது, கட்டம் போட்டது, எல்லாம் தகராறு இல்லாமல் ஒன்றாகக் கிடந்தன. எவ்வளவு நாள் ஆயிற்று என்று கேட்டேன். "சிக்கிட் சிக்கிட், லாமா லாமா ஜாடி புக்கிட்" என்றாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் மலையாகிவிடும் என்று மலாயில் சொல்வார்களே, அது. எனக்கு என்னமோ அந்தப் போர்வையை விட்டு எழுந்து வர மனசே இல்லை. அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன். தினமும் மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை என் நேரம். பாக்கியம் வருவாள், ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கிற அஞ்சலை காலை வேலை முடித்துவிட்டு வருவாள், முன்தெருச் செட்டியார் வீட்டு நாச்சியம்மை ஆச்சி வருவார்கள். நாலு பேருமாக ஒரு போர்வை தைப்பது.

உங்கள் தம்பியிடம் இதைச் சொன்னது ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது. ரசத்தை இலையில் ஊற்றும் வரை காத்திருந்தேன், பாதியில் எழுந்து போக முடியாதல்லவா.

"இந்த லீவுக்கு நான் எங்கயும் வர்றதா இல்லைங்க. போர்வை தைக்கப் போறேன்."

"போர்வையா? மலாக்கா வெயிலுக்குப் போர்வையா? ராத்திரி விசிறி மட்டை இல்லாம தூக்கம் வராது, இதுல போர்வை எதுக்கு போர்த்திக்க?"

"போர்த்திக்க இல்லைங்க. தைக்க."

அவருக்குப் புரியவில்லை. இன்றைக்கு வரைக்கும் புரியவில்லை. "அக்கா மனசு ஒடிஞ்சு போயிடும் ருக்மணி" என்று நாலு தடவை சொன்னார். "ஒடிஞ்சா அனுப்பி வைக்கச் சொல்லுங்க, ஒட்டுப் போட்டுத் தர்றேன்" என்றேன். இப்படிச் சொன்னதற்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வாய் தவறி வந்துவிட்டது. உண்மையில் வாய் தவறவில்லை, ஆனாலும் மன்னிப்பு.

ஆக மூன்றாம் தேதி சனிக்கிழமை, இரண்டு மணிக்குப் பாயை விரித்தோம். பிள்ளைகளைப் பாக்கியம் வீட்டு ரம்புத்தான் மரத்தடிக்கு அனுப்பியாயிற்று. வாசல் கதவைச் சாத்தினேன். முதல் ஊசி கோத்து முடிச்சுப் போடவில்லை அண்ணி, உள்ளேயிருந்து குரல் வருகிறது.

"ருக்மணி, சீனி எங்க?"

பத்து வருஷமாக அந்தச் சீனி ஒரே டப்பாவில், ஒரே தட்டில் இருக்கிறது. எடுத்துக் கொடுத்தேன். உட்கார்ந்தேன். "ருக்மணி, இந்த டீத்தூள்..." எடுத்துக் கொடுத்தேன். "ருக்மணி, என் மூக்குக் கண்ணாடி..." மூக்கின் மேலேயே இருந்தது. அஞ்சலை சுவரில் கரிக்கட்டியால் கோடு போட ஆரம்பித்துவிட்டாள். நாலு மணிக்கு எண்ணிப் பார்த்தால் பதினேழு கோடு. நான் தைத்தது ஒரு கட்டத்தில் பாதி. அஞ்சலை சொன்னாள், "அக்கா, எங்க வார்டுல மணி அடிக்கிற நோயாளிங்க இவரவிட நல்லவங்கக்கா. அவங்களுக்கு எங்க வலிக்குதுன்னாவது தெரியும்." மறுநாள் நான் ஒரு காரியம் செய்தேன். அடுக்களையில் ஒவ்வொரு டப்பாவிலும் காகிதம் ஒட்டி, சீனி, டீ, உப்பு, மிளகு என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்தேன். தமிழ் வாத்தியாருக்குத் தமிழில்தானே எழுதினோம் என்று நிம்மதியாக வந்து உட்கார்ந்தேன். இரண்டு தையல் போட்டேன். அப்புறம் குரல் வந்தது. "ருக்மணி, 'மிளகு'ன்னு எழுதின டப்பா எங்க இருக்கு?"

அன்றைக்குத்தான் சொல்லிவிட்டேன். "நான் இங்க இல்லை. ரெண்டு மணியிலேர்ந்து நாலு மணி வரைக்கும் நான் லாபிஸ்ல இருக்கேன்னு நெனச்சுக்குங்க." அதற்கு அவர், "லாபிஸ்ல இருந்தா நானும் அங்கதானே இருப்பேன், சீனிய அக்கா எடுத்துக் குடுத்துடுவாங்களே" என்றார். பாருங்கள் அண்ணி, இவருடைய கணக்கை.

அப்புறம் பஞ்சு வந்தது. கடையில் வாங்க வேண்டாம், ஆயர் குரோ பக்கத்துச் சொந்தக்காரர் தோப்பில் இலவம் காய் வெடித்துக் கிடக்கிறது என்று பாக்கியம் ஒரு கோணி நிறையக் கொண்டு வந்தாள். காயை உடைத்து, விதையை எடுத்து, பஞ்சைக் குச்சியால் அடிக்க வேண்டுமாம். நாச்சியம்மை ஆச்சி அதற்கென்றே முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி, நாலு பேரும் மூக்கில் துணி கட்டிக்கொண்டு அடிக்கிறோம், கொள்ளைக்காரர் கூட்டம் மாதிரி. உங்கள் தம்பி மிளகு டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு, "கண்டுபிடிச்சுட்டேன்!" என்று கதவைத் திறந்தார். கடல் பக்கத்திலிருந்து ஒரு காற்று வந்தது பாருங்கள். கோணி காலி. எங்கள் வீட்டுக் கூரை, எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த துணி, தெருமுனையில் வடை சுடுகிறவர் சட்டி, எல்லாம் வெள்ளை. அவர் வடையைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்துவிட்டார். "வடைக்குத் தாடி மொளச்சிருக்கு பாருங்க வாத்தியாரே!" என்றார். உங்கள் தம்பிக்கும் தாடி முளைத்திருந்தது, புருவமும் நரைத்திருந்தது. எண்பது வயசு ஆளைப் போலத் திகைத்து நின்றார். ஆச்சி மட்டும் அசையவில்லை. "ஏத்தா ருக்மணி, கதவச் சாத்து. மூக்குல இருக்கிறத எடுத்தாலே ரெண்டு கட்டத்துக்குப் பஞ்சு தேறும்" என்றார்கள். செட்டியார் வீட்டம்மா அல்லவா, எதையும் வீணாக்க மாட்டார்கள்.

இத்தோடு விட்டதா? ஊரெல்லாம் மெர்டேக்கா வருகிறது, மெர்டேக்கா வருகிறது என்று ஒரே பரபரப்பு. முப்பத்தொன்றாம் தேதி நாடு சுதந்திரம் அடையப் போகிறது, அதற்கு எங்கள் தெருவில் வளைவு கட்டித் தோரணம் தொங்கவிட ஒரு கமிட்டி. அதற்குத் தலைவர் சேதுராமன் என்று ஒருவர். தையல்காரர் யாரிடமும் கை ஒழியவில்லையாம். நாங்கள் தைக்கிற சேதி யார் காதில் விழுந்ததோ, சரியாக இரண்டரை மணிக்குச் சிவப்பு, வெள்ளை, நீலம், மஞ்சள் என்று நாலு கட்டுத் துணியோடு வந்து நிற்கிறார்.

"நாட்டுக்கே சுதந்திரம் வரப்போகுது. நீங்க என்னம்மா உக்காந்து போர்வை தைக்கிறீங்க?"

எனக்கு வந்ததே ஆத்திரம். "ஐயா, நாட்டுக்குச் சுதந்திரம் முப்பத்தொண்ணாம் தேதி. எனக்கு ரெண்டு மணிக்கு. இப்ப மணி ரெண்டரை. நாலு மணிக்கு மேல வாங்க, நாட்டப் பத்திப் பேசலாம்" என்றேன். மனுஷன் துணியை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நாட்டுக்கு என்று கேட்டபிறகு மாட்டேன் என்று சொல்ல முடியுமா? நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரை தோரணமும் தைத்தோம். ஆனால் நாலு நாளாகப் பஞ்சு வைத்தே தைத்த கை பாருங்கள், அஞ்சலை பேச்சு சுவாரஸ்யத்தில் தோரணத்துக்குள்ளும் பஞ்சை வைத்துத் தைத்துவிட்டாள். ஒன்றிரண்டு அல்ல, இருபத்தாறு. நேற்று கட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் அசையவில்லை. தலையணை தலையணையாகத் தொங்குகிறது. சேதுராமன் தலையில் கையை வைத்துக்கொண்டு, "பறக்கணும்மா! தோரணம்னா பறக்கணும்!" என்கிறார். அஞ்சலை நிதானமாகச் சொன்னாள், "மழை பேஞ்சா பாருங்கய்யா, உங்க கமிட்டி தோரணம்தான் கடைசி வரைக்கும் நிக்கும்." தெருப் பிள்ளைகள் எகிறி எகிறிக் குத்தி விளையாடுகிறார்கள். பிரித்துத் தைத்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம். நாலு மணிக்கு மேல்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வேறு யாராவது உங்களுக்கு வேறு மாதிரி எழுதியிருப்பார்கள். போன வியாழக்கிழமை பாக்கியத்துக்குக் கோயில் வேலை, அஞ்சலைக்கு மாற்று ஷிப்ட், ஆச்சிக்கு விரதம். யாரும் வரவில்லை. ஆனால் மணி இரண்டு ஆயிற்று. என் நேரம் என் நேரம்தானே. புடவையை மாற்றிக்கொண்டு, வாசலில் போன ஒரு மூன்று சக்கரப் பெச்சாவை நிறுத்தி ஏறி உட்கார்ந்தேன். தனியாக. பெச்சாக்காரர் எங்கே என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை. அப்புறம், "கடலப் பாக்கணும்" என்றேன். பண்டார் ஹிலிர் கடற்கரையில் ஒரு மரத்தடியில் இறக்கிவிட்டார். துருவிய ஐஸில் சிவப்புச் சர்பத் ஊற்றிய ஐஸ் கச்சாங் ஒரு கிண்ணம் வாங்கி உட்கார்ந்தேன். பிள்ளைகளுக்கு ஊட்டிவிட்டு மிச்சம் இருக்கிற சிவப்புத் தண்ணியைக் குடித்துத்தான் பழக்கம். அன்றைக்கு முதல் கரண்டியும் நான், கடைசிக் கரண்டியும் நான். அரை மணி நேரம் யாருக்கும் எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது அண்ணி. துக்கம் ஒன்றும் இல்லை. இவ்வளவுதானா, இது கிடைக்கவா பத்து வருஷம் ஆயிற்று என்று நினைத்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அழுததுதான் வினையாகப் போயிற்று. பெச்சாக்காரர் நல்ல மனுஷன். வாத்தியாரம்மா தனியாக வந்து கடலைப் பார்த்து அழுகிறார் என்று பயந்து, மிதித்த மிதியில் காஜா பெராங் போய்ச் சொல்லிவிட்டார். வடைக்காரர் அதை வாங்கி, வாத்தியாரம்மா கோபித்துக்கொண்டு கப்பல் ஏறப் போய்விட்டார் என்று ஆக்கிவிட்டார். உங்கள் தம்பி பனியனோடு சைக்கிளில் வந்து சேர்ந்தார், மூச்சு இரைக்க. "ருக்மணி, எதுவா இருந்தாலும் வீட்ல பேசிக்கலாம் வா" என்றார். பின்னாலேயே சேதுராமன், கமிட்டி ஆட்கள் மூன்று பேர், ரம்புத்தான் தின்றுகொண்டே என் பிள்ளைகள். நான் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. "மணி மூணேகால்தான் ஆவுது. நாலு மணிக்கு வர்றேன். எல்லாரும் போங்க" என்றேன். போகவில்லை. எல்லாரும் சுற்றி நின்று நான் ஐஸ் கச்சாங் தின்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஆனாலும் அண்ணி, நாலு மணி வரைக்கும் தின்றேன். இன்னொரு கிண்ணம் வாங்கித் தின்றேன். பல் கூசிற்று. விடவில்லை.

இப்போது போர்வைக்கு வருகிறேன். ஏழுக்கு ஏழு, நாற்பத்தொன்பது கட்டம். கடைத்துணி ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் யாராவது உடுத்திய துணி. ஆச்சியின் கண்டாங்கி, பாக்கியத்தின் கெபாயா, அஞ்சலையின் நீலச் சீருடை, என் கல்யாணத்துக்கு மறுநாள் கட்டிய மஞ்சள் சேலை. நாற்பத்தெட்டு முடிந்துவிட்டது. நடுக்கட்டம் மட்டும் காலி. அதற்குப் பாக்கியம் வீட்டில் ஒரு வழக்கமாம். யார் மேலே மனத்தாங்கல் இருக்கிறதோ அவர்கள் உடுத்திய துணியை நடுவில் வைத்துத் தைத்தால் கோபம் எல்லாம் பஞ்சோடு அமுங்கிவிடுமாம். அவள் அம்மா செய்வார்களாம். நிஜமோ, அந்த நிமிஷத்தில் அவளாகக் கட்டிவிட்டதோ, தெரியாது. ஆனால் கேட்டதிலிருந்து எனக்கு வேறு யோசனை ஓடவில்லை.

ஆகவே அண்ணி, உங்களுடைய பழைய சேலை ஒன்றில் சாண் அளவு துணி அனுப்பி வைக்கும்படிக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பச்சைக் கரை போட்டது இருந்தால் நல்லது, விடியுமுன் மாவாட்டும்போது கட்டியிருப்பீர்களே, அது. கோபம் இல்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். இருக்கிறது அண்ணி. கொஞ்சம் இருக்கிறது. பத்து வருஷத்தில் ஒரு தடவையாவது "நீ வர வேண்டாம் ருக்மணி, வீட்டில் ஓய்வாக இரு" என்று நீங்கள் ஒரு வரி எழுதியிருந்தால் உங்களைக் கோயில் கட்டிக் கும்பிட்டிருப்பேன். எழுதவில்லை. ஆனால் கோபத்தை வைத்துக்கொண்டிருக்க எனக்கு விருப்பம் இல்லை. அதனால்தான் துணி கேட்கிறேன்.

உங்கள் தம்பி போய்ச் சேர ஒரு வாரம் தாமதமாகும் என்று உங்களுக்கு எழுதியிருப்பதாகச் சொன்னார். அதை நம்ப வேண்டாம். இந்த லீவு நான் இங்கேதான். என்னைக் கூப்பிட ஆளும் அனுப்ப வேண்டாம், நீங்களும் வர வேண்டாம். வந்தால் நான் விடியற்காலை எழுந்திருக்க வேண்டியிருக்கும்.

கிராணி அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். பிள்ளைகள் ஐவருக்கும் ஆசியும் முத்தமும். மாட்டுக்குப் பருத்திக்கொட்டை கூடுதலாக வைக்கவும். நீங்கள் தீர்க்க சுமங்கலியாக, கூடுமானால் காலை ஆறு மணி வரை தூங்குகிற சுமங்கலியாக நீடூழி வாழ வேண்டும்.

இந்தக் கடிதத்தை உங்கள் தம்பியிடமே கொடுத்துத் தபாலில் போடச் சொல்லப் போகிறேன். தபால்தலையும் ஒட்டிவிட்டேன். பிள்ளைகளுக்குப் பொறுப்பைப் பற்றிப் பாடம் எடுக்கிறவர் அல்லவா, போட்டுவிடுவார்.

இப்படிக்கு,
உங்கள் சொல்லை இதுவரை தட்டாத,
ருக்மணி மாணிக்கவாசகம்

பி.கு.: 18-8-1957, ஞாயிற்றுக்கிழமை. இதை எழுதுவது ருக்மணி இல்லை. மேலே உள்ள கடிதம் எந்தச் சந்திரமதிக்கு எழுதப்பட்டதோ, அந்தச் சந்திரமதி. தம்பி மாணிக்கம், இது உனக்கு.

வியாழக்கிழமை நான் பதறிக்கொண்டு மலாக்கா வந்து இறங்கியது ஏன் தெரியுமா? வருஷா வருஷம் ஜூலை மாசம் எனக்கு நீ ஒரு கடிதம் போடுவாய். "அக்கா, ருக்மணி லாபிஸ் லாபிஸ் என்று உயிரை விடுகிறாள். நீங்கள் அழைத்து ஒரு வரி எழுதாவிட்டால் அவள் மனசு ஒடிந்து போய்விடும்" என்பாய். அந்தப் பெண் மனசு ஒடியக் கூடாதே என்றுதான் பத்து வருஷமாக அழைத்து எழுதினேன். இந்த வருஷம் ஆளையும் காணோம், ஒரு வாரம் தாமதம் என்று நீ எழுதியதாகச் சொன்ன கடிதத்தையும் காணோம். உயிரை விடுகிற பெண் நிஜமாகவே விட்டுவிட்டாளோ என்று பயந்து வந்தேன். வந்து இறங்கி, பையைக் கீழே வைப்பதற்குள், "அக்கா, ஆத்துல தண்ணி எவ்வளவு இருக்கு?" என்று கேட்டவன் நீ.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு நானும் பாயில் உட்கார்ந்தேன். நடுக்கட்டம் ஏன் காலி என்று கேட்டேன். ருக்மணி ஊசியைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள். பாக்கியம் மலாயில் விவரமாகச் சொன்னாள். எனக்கு யார் மேலே மனத்தாங்கல் என்று யோசித்தேன். அந்த நேரம் பார்த்து அடுக்களையிலிருந்து ஒரு குரல், "அக்கா, சீனி எங்க?" என்று. எழுந்து போய், ஆணியில் மாட்டியிருந்த உன் சில்க் சட்டையை எடுத்து வந்து, கத்திரிக்கோலை மார்புப் பக்கத்தில் வைத்தேன். சட்டைப் பையில் ஏதோ தடித்தது. நீ தபாலில் போடாமல் வைத்திருந்த, தபால்தலை ஒட்டிய இந்தக் கடிதம்.

உட்கார்ந்துதான் படித்தேன், தண்ணீரும் வைத்துக்கொண்டேன். படித்து முடிக்கிற வரை ருக்மணி கொல்லைப்புறத்தை விட்டு வரவில்லை. போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்து கேட்டேன். "அடிப் பாவி, நீ எந்திரிக்கிறியேன்னுதானேடி நான் எந்திரிச்சேன்!" என்றேன். அவள் அழுதாள், நானும் அழுதேன், ஆச்சி எங்கள் இருவரையும் பார்த்து, "தையல் நனையுது, தள்ளி உக்காந்து அழுங்க" என்றார்கள். நானும் ஆகஸ்ட் மாசம் என்றால் ஜூலையிலேயே பன்னிரண்டு வாய்க்கு மாவுக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவேன் மாணிக்கம். யாரிடம் சொல்வது?

நேற்றுக் காலை, "அத்தானுக்குத் துணையா இரு, மூணு பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு முன்னால போ" என்று உன்னை லாபிஸ் பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். தூண்டிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தபடி ஏறினாய். திங்கட்கிழமை நாங்கள் பின்னாலேயே வருவோம் என்று நினைத்திருப்பாய். வரவில்லை. மெர்டேக்கா பார்த்துவிட்டு, மாரியம்மன் கோயிலுக்கு ஒரு நாள், பண்டார் ஹிலிருக்கு மூன்று நாள், இரண்டாவது போர்வைக்குப் பஞ்சும் அடித்துவிட்டு நிதானமாக வருகிறோம். இன்றைக்கு நானும் ருக்மணியும் ஏழு மணிக்கு எழுந்தோம். யார் முதலில் எழுந்திருப்பது என்று இருவருமே கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்ததில் அவ்வளவு நேரமாகிவிட்டது.

தபால்தலையை வீணாக்க வேண்டாம் என்று ஆச்சி சொன்னதால், முகவரியையும் மாற்றாமல் இதையே அனுப்புகிறோம். அத்தானுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டு. நான் அரைத்து வைத்துவிட்டு வந்த மாவு இந்நேரம் தீர்ந்திருக்கும். எட்டுப் பிள்ளைகள், நீங்கள் இருவர், ஆகப் பத்து வாய். அரிசி நாலு பங்கு, உளுந்து ஒரு பங்கு, ஊற வைத்து ஆட்ட வேண்டும். மாடு காலையில் ஐந்து மணிக்குக் கத்தும், அதற்கு லீவு கிடையாது.

கிளம்பும்போது சில்க் சட்டையைக் காணோம் என்று தேடினாயே, அது நடுக்கட்டத்தில் பத்திரமாக இருக்கிறது. பஞ்சு கொஞ்சம் அதிகமாகவே வைத்திருக்கிறோம்.

சீனி, அடுப்புக்கு மேலே இரண்டாவது தட்டில், சிவப்பு டப்பாவில் இருக்கிறது.